டல்லாஸிலிருந்து திருமங்கலம் வரை

1

போன சனிக்கிழமை காலை, தோசைக்கல் சூடாவதற்குள் எங்கள் மகள் நிலா போனிடம் ஒரு கேள்வி கேட்டாள். ஆஸ்டினிலிருந்து மதுரைக்கு எவ்வளவு தூரம்? போன் யோசிக்கவே இல்லை. நேர்க்கோட்டில் பதினைந்தாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், விமானத்தில் ஏறக்குறைய பதினெட்டு மணி நேரம் என்று பதில் வந்தது. ஒரு உலகப் படம் போட்டு, டெக்சாஸிலிருந்து கிளம்பி வட துருவத்துப் பனிக்கு மேலாக ஏறி மதுரையில் இறங்குகிற ஒரு கோட்டையும் வரைந்து காட்டியது.

"ஒன்லி எய்ட்டீன் அவர்ஸ், அம்மா" என்றாள். வெறும் பதினெட்டு மணி நேரம்தானே, அதற்கா அப்பா இவ்வளவு அலுத்துக்கொள்கிறார் என்று பொருள்.

அந்தக் கோட்டில் எந்த விமானமும் பறப்பதில்லை என்று ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும். நாங்கள் இருப்பது ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கில். வீட்டை விட்டுக் கிளம்பி, டல்லாஸ் வரை மூன்று மணி நேரம் காரில் போய், அங்கே செக்யூரிட்டியில் செருப்பைக் கழற்றி, தோஹாவுக்குப் பறந்து, அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் கழுத்து சுளுக்கித் தூங்கி, பிறகு சென்னை வந்து, இமிகிரேஷன் வரிசையில் நின்று, வெளியே வந்து கார் பிடித்து, மதுரையும் தாண்டி எங்கள் ஊர் விருதுநகர் போய்ச் சேரும்போது எந்தக் கிழமை என்றே குழம்பிவிடும். நிலாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் ஏற்கெனவே காதில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் அந்தக் கேள்வியைக் கேட்கக் காரணம் இருந்தது. என் மாமனார் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வருஷத் திதிக்கு ஊருக்குப் போக முடியாது. முருகேசன், அதாவது என் வீட்டுக்காரர், வேலை செய்கிற கம்பெனியில் மாதத்துக்கு ஒருமுறை ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் லீவு கேட்டால், நிரந்தரமாகவே எடுத்துக்கொள் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயம். அதனால் இங்கே டெக்சாஸிலேயே இருக்கிற பேர்லேண்ட் கோயிலில் திதி கொடுத்துவிடலாம் என்று முடிவு. அதற்கும் மூன்று மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். இந்த நாட்டில் எதற்கும் மூன்று மணி நேரம்தான்.

"அவ்ளோ தூரம் இந்த வருஷம் முடியாது" என்று முந்தைய நாள் சாப்பாட்டு மேஜையில் அவர் சொன்னார். பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டாள்.

2

என் மாமனார் மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். நான் அம்பத்தூர்க்காரி. கல்யாணமான புதிதில் அவர் பேச்சு பாதி எனக்குப் புரியாது. அவரும் என் பேச்சைக் கேட்டு, "என்ன தாயி, ரயில் மாதிரி பேசுத" என்பார். அதைத் தவிர எங்களுக்குள் ஒரு வருத்தமும் கிடையாது.

மாமியார் இறந்தபோது எங்களால் போக முடியவில்லை. கிரீன் கார்டு மனு பாதியில் நின்றது. இப்போது வெளியே போனால் திரும்பி வர முடியும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்று வக்கீலம்மா கையை விரித்துவிட்டார். பெற்ற தாய்க்குக் கொள்ளி வைப்பதை இவர் போனில் பார்த்தார். இவருடைய தங்கச்சி மாப்பிள்ளை தங்கராஜ் அண்ணன் போனைப் பிடித்திருந்தார். படம் முழுவதும் ஆடிக்கொண்டே இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு மாமா போனை வாங்கிப் பேசினார்.

"பரவால்லப்பா. வருத்தப்படாத. எனக்கு வந்துரு."

இதை அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கரண்ட் கட்டுக்கு நேரம் சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். இவருக்கு அது அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. அதன் பிறகு கிரீன் கார்டு வந்தது, குடியுரிமையும் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் இவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இனிமே எப்ப வேணா கெளம்பலாம்." எதற்குக் கிளம்ப என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

கார்டு வந்த பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போவோம். நாங்கள் கிளம்புகிற நாள் மாமாவுக்குத் திருவிழா மாதிரி. விமானம் எங்கே பறக்கிறது என்று படத்தில் காட்டுகிற ஒரு ஆப்பை தங்கராஜ் அண்ணன் அவர் போனில் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தக் குட்டி மஞ்சள் விமானத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பாராம். பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்த் தகவல் சொல்வாராம். "கருங்கடல்கிட்ட வந்துட்டாங்க. இனி இறக்கந்தான்." சென்னையில் நாங்கள் இறங்கி போனை ஆன் செய்தால், அதற்கு முன்பே அவரிடமிருந்து செய்தி வந்து கிடக்கும். எறங்கியாச்சு, கார் சொல்லியாச்சு, ரோட்டப் பாத்து வரச் சொல்லு. எங்கள் பயணத்தை எங்களை விட அவர்தான் அதிகம் பார்த்திருப்பார். நாங்கள் பாதி நேரம் தூங்கிவிடுவோம்.

3

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தங்கராஜ் அண்ணன் போன் செய்தார். இவர் காபியோடு மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், மாமாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு. ஆஸ்பத்திரில வச்சிருக்கோம். கெளம்பி வாங்க."

அப்பாவிடம் கொடுங்கள் என்று இவர் கேட்டார். பேசுகிற நிலைமையில் இல்லை என்றார் அவர். பின்னால் அவர் மனைவி, என் நாத்தனார் செல்வி, அழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்கு இந்தச் சீரியஸ் என்கிற சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான். போனில் யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். தனியாக வருகிற பிள்ளை வழியில் இடிந்து போய்விடக்கூடாது என்று சீரியஸ் என்பார்கள். நாம் இறங்கி, கார் பிடித்து, தெருமுனை திரும்பும்போது பந்தல் தெரியும். எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் அப்படித்தான் நடந்திருக்கிறது. அன்பினால் சொல்கிற பொய். எல்லோரும் சொல்வார்கள், எல்லோருக்கும் தெரியும்.

ஒரு மணி நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஒருத்தி ரைஸ் குக்கரோடு சாம்பார் சாதம் கொண்டு வந்தாள். ஒருவர் லேப்டாப்பைத் திறந்து டிக்கெட் பார்க்க ஆரம்பித்தார். முப்பது வருஷமாக டெக்சாஸில் இருக்கிற சுந்தரம் அங்கிள் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். இங்கே தமிழர் யாருக்கு ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தாலும் அவர்தான் முன்னால் நிற்பார். நல்ல மனிதர். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

"முருகேசா, மனச தேத்திக்கோப்பா. போன்ல நேரா சொல்ல மாட்டாங்க. எங்கம்மாவுக்கும் இதேதான் சொன்னாங்க."

"இருக்காருன்னுதான் சொன்னாங்க அங்கிள்."

"பேசுற நிலைமைல இல்லைன்னாங்கல்ல? அழுகைச் சத்தம் கேட்டுச்சுல்ல? அப்புறம் என்னப்பா."

அன்று சாயங்காலம் டல்லாஸிலிருந்து கிளம்புகிற விமானத்தில் ஒரே ஒரு சீட் இருந்தது. மறுநாள் சாயங்காலம் மூன்று சீட் இருந்தது. லேப்டாப்காரர் இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். தனியாக அனுப்பாதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள் என்று ஒரு ஆன்ட்டி சொன்னார். போனது போய்விட்டது, குடும்பத்தோடு போய் நில்லுங்கள், ஐஸ் பெட்டி இருக்கிறது, வைத்திருப்பார்கள் என்றார் அங்கிள். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். இந்திய விசாவுக்குப் பதிலாக இருக்கிற நிலாவின் ஓசிஐ அட்டை வேறு எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை, தேட ஒரு நாள் வேண்டும். அது இல்லாமல் அமெரிக்காவில் பிறந்த பிள்ளையை அவள் தாத்தா வீட்டுக்குக் கூட்டிப் போக முடியாது.

மூன்று சீட் போட்டோம். வெள்ளிக்கிழமை காலை வந்துவிடுவோம் என்று இவர் தங்கராஜ் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினார். அதற்கு மேல் நாங்கள் ஊருக்குப் போன் செய்யவில்லை. சாவு வீட்டில் யார் போனை எடுத்துப் பேசப் போகிறார்கள் என்று விட்டுவிட்டோம்.

அன்று மதியம் அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார். அப்பா எக்ஸ்பயர்ட் என்றாராம். எது காலாவதியானது, விசாவா என்று அந்த வெள்ளைக்கார மேனேஜர் பதறினாராம். பிறகு புரிந்து, மூன்று நாள் துக்க விடுப்பு உண்டு என்று ஒரு விண்ணப்பம் அனுப்பினார். இறந்த நாள் என்கிற இடத்தில் இவர் செவ்வாய்க்கிழமையைப் போட்டு அனுப்பினார். எழுதும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

4

வெள்ளிக்கிழமை விடிகிற நேரம் சென்னையில் இறங்கினோம். போனை ஆன் செய்ததும் தங்கராஜ் அண்ணன் கூப்பிட்டார்.

"மச்சான்... மாமா தவறிட்டாரு."

"தெரியும் மாப்ள. வந்துட்டிருக்கோம்."

லைன் போய்விட்டதோ என்று இவர் ஹலோ, ஹலோ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பாத்து வாங்க மச்சான்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

விருதுநகரில் ஐஸ் பெட்டிக்கு மேலே ரோஜா மாலைகள் கிடந்தன. இவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். உள்ளே பனி மூட்டம் போட்டிருந்தது. நிலா அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். தாத்தா என்று ஒரு தடவை தமிழில் கூப்பிட்டாள். சாயங்காலத்துக்குள் காரியம் முடிந்தது. இந்தத் தடவை கொள்ளியை இவரே வைத்தார். எனக்கு வந்துரு என்று கேட்டவருக்கு வந்துவிட்டோம் என்று எனக்கு அந்தத் துக்கத்திலும் ஒரு நிம்மதி இருந்தது. அது மூன்று நாள்கூட நிற்கவில்லை.

செல்வி துணி துவைக்கிற கல்லுப் பக்கம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள்.

"மதினி, அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. அப்பா செவ்வாக்கெழம போகல. வியாழக்கெழம பொழுது சாயதான் போனாங்க."

அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் சொன்னது இதுதான். செவ்வாய்க்கிழமை உண்மையிலேயே சீரியஸ்தான். பேச முடியவில்லை. புதன்கிழமை கண் திறந்துவிட்டார். முதலில் கேட்டது, கெளம்பிட்டானா என்று. கிளம்பிவிட்டார் என்று தங்கராஜ் அண்ணன் சொல்லிவிட்டார். வேறு என்ன சொல்வார், பாவம். எப்படியும் வரத்தானே போகிறோம் என்று எங்களுக்கும் அவர்கள் போன் செய்யவில்லை. வெள்ளிக்கிழமைதான் வருவோம் என்று சொன்னால் தாங்குவாரா? உடனே மாமா போனைக் கேட்டிருக்கிறார். எந்தப் பிளேன், காட்டு.

தங்கராஜ் அண்ணன், தோஹாவிலிருந்து சென்னைக்கு வருகிற ஒரு விமானத்தைத் தேடி, இதுதான், மாமா என்று காட்டியிருக்கிறார். நாங்கள் எப்போதும் வருகிற விமானம்தானே. செவ்வாய்க்கிழமை அந்த ஒற்றை சீட்டை எடுத்திருந்தால், இவர் அதில்தான் உட்கார்ந்திருப்பார். மாமா போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாராம். அரபிக் கடலைத் தாண்டும்போது நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாராம். வியாழக்கிழமை விடியுமுன்னே அது சென்னையில் இறங்கியது.

"எறங்கிட்டான்னாங்க மதினி. கார் சொல்லியாச்சான்னு கேட்டாங்க." இதைச் சொல்லும்போது செல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் யாரோ பெரியம்மா காபி கேட்டு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

இவரிடம் சொல்லக்கூடாது என்று நானும் செல்வியும் தங்கராஜ் அண்ணனும் முடிவு செய்தோம். சீரியஸ் என்று பொய் சொல்வார்கள் என்று நம்பி ஏமாந்த நாங்கள், அவருக்கு இன்னொரு பொய்யைத் தயார் செய்தோம். ஒரு வருஷமாக அதைக் காவல் காத்தேன். ஊரிலிருந்து போன் வந்தால் நான்தான் முதலில் எடுப்பேன்.

இவர் மாறிவிட்டார். வேலை விட்டு வந்ததும் பின்பக்கத்து வேலியோரம் நின்றுகொண்டு வானத்தைப் பார்ப்பார். ஆஸ்டினுக்கு இறங்குகிற விமானங்கள் தூரத்தில் போகும். என்ன பார்க்கிறீர்கள் என்றால், ஒன்றுமில்லை என்பார். நானும் சரி என்று உள்ளே போய்விடுவேன்.

5

மறுபடி போன சனிக்கிழமைக்கு வருகிறேன். தோசை சாப்பிட்டு முடித்து, பேர்லேண்ட் கோயிலுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். இவர் எதிரே உட்கார்ந்திருந்தார். நிலா பக்கத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். என் திட்டம் தயாராக இருந்தது. திதியை செல்வியிடம் கேட்டு நானே பிறகு சொல்கிறேன் என்று குருக்களிடம் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர் எடுத்த எடுப்பிலேயே, "இந்திய நேரப்படி எந்த நாள் தவறினார்னு சொல்லுங்கோ, திதி நான் பார்த்துக்கறேன்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார். "வியாழக்கிழமை. சாயந்தரம்."

தேதியையும் சொன்னார். குருக்கள் குறித்துக்கொண்டு வைத்துவிட்டார். என்னால் இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. தெருமுனையில கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்துச்சே. கார்ல வரும்போதே படிச்சேன்."

"அப்ப... அன்னிக்கே தெரியுமா?"

"டைம் டிஃபரன்ஸா இருக்கும்னு நெனச்சேன் கலா. இங்க செவ்வாய்னா அங்க புதன்னே வச்சுக்கிட்டாலும் வியாழன் எப்படி வரும்? எத்தனையோ தடவ கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். வரல."

"ஏங்க ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா சொல்லிருவீங்களே."

ஒரு வருஷம் நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தெரியாதது போல இருந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. இனி எதை மறைத்து என்ன என்று, விமானக் கதையையும் சொல்லிவிட்டேன். கண் திறந்தது, போனைக் கேட்டது, நர்ஸுக்குக் காட்டியது, எறங்கிட்டான் என்று சொன்னது, எல்லாவற்றையும்.

இவர் அசையாமல் கேட்டார். பிறகு தன் போனை எடுத்து தங்கராஜ் அண்ணனைக் கூப்பிட்டார். அங்கே சனிக்கிழமை சாயங்காலம். பின்னால் டிவி சத்தம் கேட்டது.

"மாப்ள, கலா சொல்லிட்டா. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். பிளேன் எறங்கிருச்சு. அப்புறம் அப்பாகிட்ட என்ன சொன்னீங்க?"

டிவி சத்தம் நின்றது. "விடுங்க மச்சான்" என்றார் அண்ணன்.

"சொல்லுங்க மாப்ள."

"கார்ல வந்துட்டிருக்காங்கன்னு சொன்னேன். மாமாவ ஏமாத்த முடியுமா? எந்த ஊருக்கு எவ்வளவு நேரம்னு அவுகளுக்கு அத்துபடி. ஒவ்வொரு ஊரா கேட்டாக. விழுப்புரம் தாண்டியாச்சுன்னேன். திருச்சில டீ குடிக்க நிப்பாட்டுனேன். துவரங்குறிச்சில டயர் பஞ்சருன்னேன். அங்கன ரொம்ப நேரம் போட்டு வச்சேன் மச்சான். அதுக்கு மேல முடியல. ஸ்டெப்னி இல்லையான்னு டிரைவரத் திட்ட ஆரம்பிச்சுட்டாக."

இவருக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, பாதியில் நின்றுவிட்டது.

"பெறகு மேலூர் வந்துச்சு. மதுர ரிங் ரோட்டுல டிராஃபிக்குன்னேன். அம்புட்டு மெதுவா உருட்டிக்கிட்டு வந்தேன். வண்டி வந்து சேந்துட்டா நான் யாரக் காட்டுவேன், சொல்லுங்க."

"கடைசியா எங்க இருந்தேன் மாப்ள?"

அண்ணன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "திருமங்கலம். திருமங்கலம் வந்துட்டாரு மாமான்னேன். அப்பச் சரி, கதவத் தொறந்து வையின்னாக. ஆஸ்பத்திரிக் கதவு தொறந்துதான் கெடந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு இருந்தாக. அவ்வளவுதான் மச்சான்."

இவர் போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். அப்பா அழுது நிலா பார்த்ததில்லை. ஐஸ் பெட்டி முன்னால்கூட அவர் இப்படி அழவில்லை. நான் எழுந்து போய் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நிலாவுக்குத் தமிழ் புரியும். பேசத்தான் வராது. எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் முகம் வெளுத்திருந்தது. என்ன செய்வது என்று தெரியாதபோது அவளுடைய வயதுப் பிள்ளைகள் செய்கிறதைத்தான் அவளும் செய்தாள். போனில் எதையோ தட்டினாள். திரையில் விருதுநகர் வந்தது. கொஞ்சம் மேலே திருமங்கலம். இரண்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு நீலக் கோடு.

மெதுவாக அதை அப்பாவுக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள்.

போக்குவரத்து நெரிசல் இல்லை என்று போட்டிருந்தது. இப்போது கிளம்பினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம்.